நாக்குக்கு ஒரு ஆட்டம்

இந்தச் சுவை ஆட்டத்தைத் தொடங்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், அஞ்சறைப்பெட்டியும் சர்க்கரை டப்பாவும் போதும். பிள்ளையின் நாக்கைச் சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றிவிட்டு நாலைந்து சர்க்கரைத் துகள்களை வைத்தால், உடனே இனிக்காது. எச்சில் ஊறி அவை கரைந்த பிறகே இனிக்கும்.

அடுத்தது மூக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏலக்காய்ப்பொடி கலந்த சர்க்கரையை ஒரு சிட்டிகை வாயில் போடச் சொல்ல வேண்டும். வெறும் இனிப்புதான் தெரியும். கையை எடுத்ததும் ஏலக்காய் மணம் குப்பென்று ஏறும். பிள்ளைகளின் கண் விரிவது அப்போதுதான். சளி பிடித்த நாளில் ரசம் சப்பென்று இருப்பதும் இப்படி மூக்கு அடைபடுவதால்தான்.

நெல்லிக்காயைக் கடித்த கையோடு தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கும். துவர்ப்புக்கு நாவல்பழம். கசப்புக்குப் பாகற்காய் வறுவலில் ஒரு துணுக்கு போதும், முகம் சுளித்தால் வற்புறுத்தக் கூடாது. ஒரு சுவை பழகப் பத்து முறைகூட ஆகலாம்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் பழைய பாடப்புத்தகப் படத்தை நம்ப வேண்டாம். சுவை மொட்டு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். மிளகாய் இந்த ஆட்டத்தில் வேண்டாம்: அறுசுவையில் அதற்கு இடம் உண்டு, அறிவியல் கணக்கில் காரம் வெறும் எரிச்சல்.

ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பொருளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.