கப்பல் ஏறும் முன்: சிறுமலைக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

கொரோனா தணிந்து, 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியது. குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க:

● தடுப்பூசி விதி கப்பலுக்குக் கப்பல், நாட்டுக்கு நாடு மாறும். டிக்கெட் எடுக்கும்போதும் கிளம்பும் வாரத்திலும் கேட்டுவிடுங்கள்.

● கோவின் (கொரோனா தடுப்பூசி) சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர், இன்ஷியல் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

● 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 2022 மார்ச் 16-ல்தான் இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. அதற்கும் சிறியவர்களுக்குச் சான்றிதழ் இருக்காது. பரிசோதனை முடிவு வேண்டுமா என்று முன்பே கேளுங்கள்.

● ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் கரையிறங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படலாம். 10 நாள் முன்பே போட்டால்தான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகத்தில் முன்பதிவு செய்து போடலாம். 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் போடமாட்டார்கள். 60 தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்டுப் போடவும்.

● சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவில் வாந்தியெடுக்கும் பிள்ளைக்குக் கடலிலும் தலைசுற்றலாம். டாக்டரிடம் மாத்திரை வாங்கி வையுங்கள்.

● சான்றிதழ்கள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்.