பழைய டிராக்டரின் குறைகளும் நியாய விலையும்

கூட்டுறவு முறையில் பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள் தமக்கென ஓர் உழவு இயந்திரம் இருக்கவேண்டும் என்று விரும்புவது இயல்பே. புதிய டிராக்டரின் விலை பல லட்சம் ரூபாய் ஆதலின், பழையதொன்றை வாங்கலாமே என்னும் எண்ணமும் உடன் எழுகின்றது. இவ்வெண்ணம் தவறானதன்று. ஆனால் புதிய டிராக்டர் வாங்குவோர் விலையை மட்டும் விசாரித்தால் போதும். பழையது வாங்குவோர் அதன் உடல்நிலையையும் விசாரித்தல் வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள காரவள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கு மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிடும் சிலர் ஒன்றுகூடி, பங்குத் தொகை சேர்த்து, ஒரு பழைய டிராக்டரை வாங்க எண்ணுகின்றனர் என்று கொள்வோம். மலைமேலுள்ள சிறிய படிக்கட்டு வயல்களுக்குப் பெரிய டிராக்டர் அவ்வளவாகப் பொருந்தாது. எனவே அது அடிவார நிலங்களை உழவும், கிழங்கைச் சேகோ ஆலைக்கு ஏற்றிச் செல்லவுமே பயன்படும். முதல் மழை பெய்து நிலம் ஈரமாயிருக்கும் சில நாள்களில் வண்டி பட்டறையில் கிடக்குமாயின், போட்ட முதலோடு அப்பருவமும் கைவிட்டுப் போகும். பங்குப் பணம் ஒருவருடையதன்று. ஆகையால் சோதனையும் ஒருவருடைய கண்மதிப்பாக இருத்தலாகாது.

நெசவாள அங்கத்தினர்களும் இப்பாடத்தைத் தமக்குப் புறம்பானதென்று கருதவேண்டுவதில்லை. பழைய தறியோ, பாவு ஓட்டும் இயந்திரமோ வாங்கும்போது போடவேண்டிய கணக்கும் இதுவே.

1. தாள்களின் சோதனை

முதலில் இயந்திரத்தைப் பார்க்காமல் பதிவுச் சான்றைப் பாருங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். டிரெய்லருக்குத் தனிப்பதிவு உண்டு. அதனையும் கேட்டு வாங்குக.

வண்டியின்மேல் வங்கிக் கடன் இருப்பின் அது பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டிருக்கும். கடன் தீர்ந்தது என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை உரியவை. வேறு மாநில வண்டியாயின் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று பெறவேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு மனுச் செய்தல் கடமை.

பெயர் மாற்றம் விற்பவருக்கும் நன்மையே தரும். விற்ற பின்னரும் பதிவேட்டில் எவர் பெயர் நிற்கின்றதோ, விபத்து நேர்ந்தால் அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க நேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. விற்பவர் தயங்கினால் இதனை எடுத்துச் சொல்லலாம்.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதும் இங்கேயே ஆராயத்தக்கது. எச்.எம்.டி. நிறுவனம் 1971இல் டிராக்டர் செய்யத் தொடங்கியது. அதன் டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு இசைவளித்தது. அந்த வண்டிகள் உழைப்புக்குப் பெயர் பெற்றவை; எனினும் ஆக்குவோர் இல்லாத வண்டிக்கு உதிரிப் பாகம் தேடும் அலைச்சல் ஆண்டுக்காண்டு கூடும். எனவே எந்த வகை வண்டியானாலும், அதன் பாகங்கள் நாமக்கல், ராசிபுரம், சேலம் கடைகளில் உடனே கிடைக்கின்றனவா என்று விசாரித்த பின்னரே மேற்செல்லுதல் நன்று.

2. இன்ஜினின் சோதனை

நாம் வரும்வரை வண்டியை இயக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சென்றதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் குறையை மறைத்துள்ளனரோ என்று ஐயுற இடமுண்டு. அன்றைக்குப் புதிதாகக் கழுவியும் வண்ணம் பூசியும் வைத்த வண்டியில் எண்ணெய்க் கசிவு கண்ணுக்குப் புலப்படாது. ஒரு மணி நேரம் ஓட்டிய பின்னர் மீண்டும் அடியில் குனிந்து பார்க்கவேண்டும்.

இயக்குமுன் எண்ணெய்க் கோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதனுடன் நீர் கலந்துள்ளது என்பது பொருள். ரேடியேட்டர் நீரின்மேல் எண்ணெய்ப்படலம் மிதப்பினும் அதே ஐயம் எழும்.

இயக்கிய பின் புகையைக் கவனிக்கவேண்டும். சுமை ஏறும்போது சிறிது கரும்புகை வருதல் இயல்பு. விடாது வருமாயின் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாகச் செல்கின்றது. இது பெரும்பாலும் வடிகட்டியையோ இன்ஜெக்டரையோ சீர்செய்தால் தீரும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகின்றது; பிஸ்டன் ரிங், லைனர் முதலியன தேய்ந்திருக்கலாம். குளிரில் தோன்றும் வெண்புகை சூடேறியதும் மறையவேண்டும். மறையாவிடில் அதுவும் குறையே. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் வேகமாக ஆவி அடிக்கின்றதா என்றும் பாருங்கள். அடித்தால் ரிங் தேய்ந்தது என்பதற்கு அது மற்றொரு சாட்சி.

எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளை, இன்ஜின் நன்கு சூடேறிய பின்னரே நம்பவேண்டும். கெட்டியான எண்ணெயை ஊற்றி, தேய்ந்த பேரிங்கை ஒரு நாள் மறைத்துவிடலாம். சூடேறியதும் முள் இறங்கி உண்மையைக் காட்டிவிடும்.

மணிக்கணக்குக் கருவி காட்டும் எண்ணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்; தீர்ப்பாகக் கொள்ளவேண்டாம். கருவி பழுதாகி மாற்றப்பட்டிருக்கக்கூடும். கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, இழுவைக் கொக்கியின் துளை நீள்வட்டமாகியிருக்க, கருவி 1,500 மணி காட்டுமாயின், கருவியை விட்டு மிதியையும் துளையையும் நம்புவதே அறிவுடைமை.

3. ஓட்டும் பாகங்களின் சோதனை

கிளட்ச்: சமதரையில், முன்னால் எவரும் நில்லாமல், கைப்பிரேக்கைப் பூட்டி, உயர்ந்த கியரில் வைத்து, கிளட்சை மெல்ல விடுக. இன்ஜின் திணறி நின்றுவிடவேண்டும். நில்லாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் தட்டு வழுக்குகின்றது.

கியர்: ஒவ்வொரு கியரிலும் சுமையோடு ஓட்டுக. தானே கழன்று நடுநிலைக்கு வருமாயின் உள்ளே பல்லோ கவைத் தண்டோ தேய்ந்துள்ளது. செங்கலும் மணலும் ஏற்றிய வண்டிகளில் கிளட்சும் பின்னச்சும் மிகுதியாக உழைத்திருக்கும். சேற்றுழவில் கேஜ் வீல் மாட்டி ஓடிய வண்டிகளில் சக்கரக் குடத்துக்குள் சேற்றுநீர் புகுந்திருக்கலாம். ஆகவே வண்டி இதுவரை என்ன வேலை செய்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பது கருவிகளால் செய்யும் சோதனைக்கு நிகரானது.

ஹைட்ராலிக்: ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி உயர்த்தி நிறுத்துக. பத்து நிமிடத்தில் அது தானே கீழிறங்கக்கூடாது. உயர்த்திய கலப்பையின் அடியில் எவரும் கைவைத்தலாகாது.

ஸ்டியரிங்: முன்னச்சை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மிகுந்தால் புஷ்ஷும் பேரிங்கும் மாற்றவேண்டியவை.

பிரேக்: இதனைத் தனியே சொல்லவேண்டியுள்ளது. டிராக்டரின் இடப்புற, வலப்புறப் பிரேக்குகள் தனித்தனியே இயங்குவன; சாலையில் ஓட்டும்போது இரு மிதிகளையும் கொண்டியால் இணைக்கவேண்டும். இணைத்து மிதித்தால் வண்டி ஒருபுறம் இழுக்காமல் நேராக நிற்கவேண்டும். காரவள்ளியிலிருந்து மலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமை ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போது பிரேக் ஒன்றே உயிர்க்காவல். ஏனைய குறைகளுக்கு விலையைக் குறைத்துக்கொள்ளலாம். பிரேக்கின் குறைக்கு விலைபேசுதல் கூடாது. விற்பவர் அதனைச் செப்பனிட்டுக் காட்டிய பின்னரே பேச்சைத் தொடரவேண்டும்.

4. விலையின் கணக்கு

பழைய டிராக்டர் வாங்குவோர் உண்மையில் வாங்குவது, அதில் எஞ்சியுள்ள உழைப்பு மணிகளையே. டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டு, 10,000 மணி என்றும், இறுதியில் எஞ்சும் மதிப்பை 10 சதவீதம் என்றும் கொள்வது வேளாண் பொறியியல் கணக்கில் வழக்கம். நன்கு பேணினால் வண்டி இதற்கு மேலும் உழைக்கும். ஆயினும் கணக்குக்கு ஓர் எல்லை வேண்டும்.

தொடக்க எண்ணாகக் கொள்ளவேண்டியது அதே திறனுள்ள புதிய வண்டியின் இன்றைய விலையே. விற்பவர் வாங்கிய அன்றைய பட்டியல் அன்று. 22-9-2025 முதல் டிராக்டருக்குச் சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர், பாகங்களுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. வரி நீங்கலாக ரூ.6,00,000 விலையுள்ள வண்டிக்கு முன்னர் ரூ.6,72,000 கொடுத்தோம், புதிய வரியில் அது ரூ.6,30,000. பழைய வண்டிக்கும் இக்குறைவில் பங்கு உண்டு.

இனி ஓர் உதாரணம். எண்கள் பாடத்திற்காகக் கொண்டவை. புதிய வண்டி ரூ.7,00,000; எஞ்சும் மதிப்பு ரூ.70,000, தேயும் மதிப்பு ரூ.6,30,000. அதாவது மணிக்கு ரூ.63, ஆண்டுக்கு ரூ.63,000. நாம் பார்க்கும் வண்டியின் வயது 6 ஆண்டு; ஓடியது 5,000 மணி.

ஆண்டுக் கணக்கில் மதிப்பு: 7,00,000 – 3,78,000 = ரூ.3,22,000.
மணிக் கணக்கில் மதிப்பு: 7,00,000 – 3,15,000 = ரூ.3,85,000.

அடுத்து, பழுதுகளைக் கடைக்காரரிடம் எழுத்து மூலம் விலை கேட்டுப் பட்டியலிடவேண்டும். பின் டயர் இரண்டு ரூ.48,000, கிளட்ச் வேலை ரூ.14,000, பேட்டரி ரூ.6,000, முன்னச்சு வேலை ரூ.6,000, ஹைட்ராலிக் வேலை ரூ.12,000, ஆக ரூ.86,000.

இத்தொகை முழுவதையும் விலையில் கழிப்பது விற்பவருக்கு அநீதி. டயரும் கிளட்சும் பேட்டரியும் உழைப்பால் தேய்வன. ஆறாண்டுத் தேய்மானத்தில் அவற்றின் தேய்வு ஓரளவு முன்பே அடங்கிவிட்டது. மேலும், புதிய டயரின் முழு ஆயுளும் வாங்குபவருக்கே பயன்படும். ஆதலின் அம்மூன்றிலும் பாதியும் (ரூ.34,000), வழக்கத்துக்கு மிஞ்சிய ஏனைய பழுதுகளில் முழுவதும் (ரூ.18,000) கழிப்பதே முறை. கழிவு ரூ.52,000. எனவே கீழ் எல்லை ரூ.2,70,000, மேல் எல்லை ரூ.3,33,000.

மேல் எல்லையை ஒப்புக்கொள்ளுமுன் இறுதிச் சோதனை ஒன்று உண்டு. விலையோடு பழுதுச் செலவைக் கூட்டி, எஞ்சும் மதிப்பைக் கழித்து, மீதி மணிகளால் வகுக்கவேண்டும். ரூ.3,33,000 கொடுத்தால்: 3,33,000 + 86,000 – 70,000 = 3,49,000; இதனை 5,000ஆல் வகுக்க, மணிக்கு ரூ.69.80. புதிய வண்டிக்கோ மணிக்கு ரூ.63தான்! ரூ.2,70,000 கொடுத்தால் மணிக்கு ரூ.57.20. இரண்டும் சமமாகும் விலை ரூ.2,99,000. இதற்கு மேற்செல்லும் ஒவ்வொரு ரூபாயும், பழையதைப் புதியதன் விலைக்கு மேல் வாங்குவதாகும். முதலுக்குரிய வட்டி பழையதில் குறைவு என்பது உண்மையே. ஆனால் பழையதற்கு உத்தரவாதம் இல்லை, பழுதும் மிகுதி. ஆகவே நியாய விலை ரூ.2,70,000க்கும் ரூ.2,99,000க்கும் இடையே அமையும். மணிக்கணக்கை நம்பச் சான்று இல்லையேல் கீழ் எல்லையிலேயே நிற்கவேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. ரூ.2,70,000க்கு முடித்தாலும் பழுதுக்கு ரூ.86,000 உடனே வேண்டும். கையில் ரூ.3,56,000 இல்லாத சங்கம் வண்டியை வாங்கிக் கொட்டகையில் நிறுத்த நேரும். பதிவு, காப்பீட்டுச் செலவு இதற்குப் புறம்பு.

5. சங்கம் கைக்கொள்ளவேண்டிய முறை

துணைவிதிகள் இடந்தருகின்றனவா என்று பார்த்து, உச்ச விலையை நிர்வாகக் குழு முன்கூட்டியே தீர்மானமாக எழுதிவிடவேண்டும். விலை பேசும் இடத்தில் உற்சாகத்தால் எல்லை தாண்டாமலிருக்க இதுவே காப்பு. சோதனைக்கு மூவர் செல்லட்டும்: ஓட்டத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர், விற்பவரிடமும் தரகரிடமும் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவர், கண்டதை அங்கேயே எழுதிக்கொள்பவர் ஒருவர். மெக்கானிக்கின் கூலியைச் சங்கமே கொடுக்கவேண்டும். முன்பணம் சிறிதாக, ரசீதுடன் இருக்கட்டும். மீதியைப் படிவங்களில் கையொப்பமும் கடன் தீர்ந்த சான்றும் பெற்ற பின் வங்கி வழியாகச் செலுத்துக. வண்டி வந்த நாள்முதல் ஓடிய மணி, டீசல், பழுது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். என்றேனும் சங்கம் இவ்வண்டியை விற்கும் நாளில், அக்குறிப்பேடே நியாய விலைக்குச் சாட்சி சொல்லும்.

படிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. டயரின் முழு விலையையும் கழிப்பது ஏன் முறையன்று?
2. பிரேக்கின் குறைக்கு விலை குறைத்து வாங்குவது ஏன் கூடாது?
3. மேற்கண்ட வண்டியே 8 ஆண்டு, 7,000 மணி ஓடியதாயின், அதே பழுதுகளுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை, புதியதோடு சமமாகும் விலை ஆகியவை யாவை?

மூன்றாம் வினாவின் விடை: ரூ.1,44,000, ரூ.2,07,000, ரூ.1,73,000. விடையைப் பாராமல் முதலில் கணக்கிட்டுப் பாருங்கள்.