நிவாரணத்தோடு கணக்கும் வேண்டும்



2015 டிசம்பர் மழையை நம் பகுதி மறக்காது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் அடையாற்று வெள்ளம் புகுந்தது. நாமும் பள்ளிவாசலில் தங்க இடம் கொடுத்தோம், உணவுப் பொட்டலம் கட்டினோம். ஆனால், "எந்தத் தெருவில் எத்தனை குடும்பங்கள் விடுபட்டுள்ளன?" என்று அதிகாரிகள் கேட்டபோது நம்மிடம் பட்டியல் இல்லை. குடும்ப அட்டை வேறு முகவரியில் இருந்த வாடகைக் குடும்பங்களுக்காகப் பேச நம்மால் முடியவில்லை.

பள்ளிக்கரணை தரும் பாடம்

நம் தென் புறநகரின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக வெளியேறுகிறது. அந்த நிலம் குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் சுருங்கியபோது, அங்கு வசித்த மக்கள் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தார்கள். கேர் எர்த் அமைப்பு பறவைகளையும் தாவரங்களையும் கணக்கெடுத்து ஆவணமாக்கியது. "தரிசு" என்று சொல்லப்பட்ட இடம் உயிருள்ள நீர்நிலை என்று நிரூபணமானது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமானது. கோரிக்கைக்குப் பின்னால் ஆதாரம் நின்றதால் அதைத் தட்டிக்கழிப்பது கடினமாயிற்று.

பேரிடர் நேரத்தில் நாம் செய்ய வேண்டியவை

1. பதிவு: உதவி கொடுக்கப் போகும்போதே தெரு, குடும்ப எண்ணிக்கை, நீர் நின்ற உயரம், எத்தனை நாள் என்பதைக் குறியுங்கள். சுவரில் படிந்த நீர்க்கோட்டைத் தேதியுடன் படமெடுங்கள்.

2. சரிபார்ப்பு: 2015-இல் ஏரி உடைந்துவிட்டதாக வதந்தி பரவி மக்கள் அலைந்தார்கள். நேரில் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியே எழுதுங்கள். ஒரு தவறான எண் முழு மனுவையும் கெடுத்துவிடும்.

3. மனு: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, இணைப்பாகப் பட்டியல். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர், சுதந்திரம் சார்ந்த தகவலென்றால் 48 மணி நேரத்தில்.

4. கண்ணியம்: உதவி பெறுவோரின் முகத்தையும் ஆதார் எண்ணையும் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். கணக்கெடுப்பில் மதம் பார்க்காதீர்கள். தெருவில் உள்ள எல்லா வீடும் பட்டியலில் வரட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள், இரண்டு பெண்கள் கொண்ட குழுவை அமைப்போம். தனியாக வாழும் முதியோர், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஆகியோரின் பட்டியல் இப்போதே தயாராகட்டும். தண்ணீர் ஏறும் இரவில் யார் கதவை முதலில் தட்டுவது என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும்.