வானூர்திப் பயணமும் வக்துத் தொழுகையும்

பட்டாபிராமிலிருந்து ஒருவர் உம்ராவுக்குப் புறப்படுகிறார். மீனம்பாக்கம் விமான நிலையம் அவர் வீட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து ஜித்தா ஏறக்குறைய 4,440 கிலோமீட்டர். இடையில் இறங்காத விமானம் ஆறு மணி நேரத்தில் கொண்டு போய்ச் சேர்த்துவிடும். இவ்வளவு விரைவில் முடிந்துவிடும் பிரயாணத்தில் கஸ்ரு உண்டா என்று சிலர் ஐயுறுகின்றனர்.

கணக்கு தூரத்துக்கே, நேரத்துக்கன்று. ஹிஜ்ரி 676-ல் வபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், கடல்வழியில் அத்தூரத்தை ஒரே நாழிகையில் கடந்துவிட்டாலும் கஸ்ரு செய்யலாம் என்று தம் மின்ஹாஜில் சட்டம் கூறியுள்ளார்கள். விமானம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்டது இது! அத்தூரம் 48 மைல். இன்றைய அளவில் சுமார் 80 கிலோமீட்டர் என்பர். ஆகவே, பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் அரக்கோணம் போகிறவர் முஸாஃபிர் அல்லர். காட்பாடி போகிறவர் முஸாஃபிரே.

கஸ்ரு தொடங்குவது எங்கே? ஊரின் கட்டிடங்களைக் கடந்த பின்னரே. ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் ஷாபிஈ மத்ஹபில் ஓர் ஊர் போன்றவை. ஆவடி, அம்பத்தூர் என்று வீடுகளும் கடைகளும் பெரும்பாலும் தொடர்ந்தே வருவதால், விமான நிலையத்தில் தொழுவோர் முழுமையாகத் தொழுவதே பேணுதல்.

இனிக் கடிகாரத்தைக் கவனியுங்கள். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் ஜித்தாவில் இறங்கும்போது அவர் கைக்கடிகாரம் மாலை 4 மணி காட்டும். லுஹர் களாவாகி அஸ்ரும் வந்துவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. அங்கே மணி பகல் ஒன்றரைதான்; லுஹருடைய வக்து தாராளமாக இருக்கிறது.

மாலை 4 மணிக்குப் புறப்படுபவர் நிலை வேறு. மஃரிப் வானிலேயே வந்துவிடும். இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்று வெளிவருவதற்குள் வக்து போய்விடக்கூடும். ஷாபிஈகள் மஃரிபின் வக்துக்குள்ளேயே நிய்யத் வைத்து, இஷாவுடன் ஜம்உ செய்து கொள்ளலாம். ஹனஃபீகளுக்கு இந்த ஜம்உ இல்லை; விமானத்திலேயே தொழ வேண்டும். ஏறுமுன் ஒளுச் செய்து அதைக் காத்துக் கொள்க. கிப்லாவுக்குத் திண்டாட வேண்டாம். ஜித்தா செல்லும் விமானத்தின் முகம் பெரும்பாலும் கிப்லாவின் பக்கமே இருக்கும். பணியாளரிடம் கேட்டு நின்று தொழுக. சற்றும் இயலாவிடில் வக்துக்காக இருக்கையில் தொழுது, இறங்கிய பின் மீட்டுத் தொழுவது பேணுதல்.

நோன்பாளிக்கும் இதே விதிதான். மேற்கே செல்பவருக்குப் பகல் நீளும். சென்னையில் பாங்கு சொல்லும் நேரமாயிற்றென்று வானில் நோன்பு திறக்கலாகாது. சன்னல் வழியே சூரியன் தெரியும்வரை பகல்தான்.

இஹ்ராம் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். பம்பாயிலிருந்து ஹாஜிகள் கப்பலில் சென்ற காலம் 1995-உடன் முடிந்தது. அன்று யலம்லமுக்கு நேராகக் கப்பல் வந்ததும் சங்கூதி அறிவிப்பார்கள். ஆயத்தமாக அவகாசம் இருந்தது. விமானமோ மீக்காத்தின் எல்லையைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். எனவே குளிப்பதையும் இஹ்ராம் துணி உடுத்துவதையும் வீட்டிலோ மீனம்பாக்கத்திலோ முடித்துக் கொண்டு, விமானத்தில் அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்துத் தல்பியா கூறவும். தூங்கிவிடுவோம் என அஞ்சுபவர் முன்கூட்டியே நிய்யத் வைத்துவிடலாம். இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்தவர் திரும்பிப் போய் இஹ்ராம் கட்டாவிட்டால், ஹரமில் ஓர் ஆடு அறுப்பது அவர்மீது கடமையாகும்.