ஒரு இழுப்பு இழுத்தா என்ன ஆகும்?



போன மாதம் ஓர் இரவு, படிவம் 4 படிக்கும் என் தம்பி என் அறைக்கு வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கைப்பேசியைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, நீ கஞ்சா அடிச்சிருக்கியா?"

"இல்லை" என்று சொல்லியிருக்கலாம். இளைஞர் வகுப்பு எடுக்கிற அண்ணன் வேறு என்ன சொல்வான்? ஆனால் உண்மை வேறு. எஸ்.பி.எம். தேர்வு முடிந்த வாரம், தாமான் திடலுக்குப் பின்னால், நானும் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறேன். தம்பிக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இரண்டு கேள்விகளைப் பார்ப்போம். இந்த வயதில் நாம் ஏன் கஞ்சாவைத் தொடுகிறோம்? வீட்டில் அதைப் பற்றி எப்படிப் பேசுவது?

ஐந்து முறை "ஏன்?"

நான் இயந்திரவியல் பொறியியல் மாணவன். ஒரு பாகம் உடைந்தால் "உடைந்தது" என்று மட்டும் எழுதி முடிக்க எங்கள் விரிவுரையாளர் விடமாட்டார். ஐந்து முறை "ஏன்" என்று கேட்கச் சொல்வார். டொயோட்டா தொழிற்சாலைகளிலிருந்து வந்த முறை இது. அதை என் மீதே போட்டுப் பார்த்தேன்.

ஏன் இழுத்தேன்? நண்பன் நீட்டினான்.
ஏன் வாங்கினேன்? வேண்டாம் என்றால் "அம்மா பிள்ளை" என்று சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்புக்கு ஏன் பயந்தேன்? அவர்களை விட்டால் எனக்கு வேறு கூட்டாளிகள் இல்லை.
ஏன் இல்லை? பள்ளி, டியூஷன் என்று ஓடியதில் பந்து விளையாட்டையும் தேவார வகுப்பையும் எப்போதோ விட்டுவிட்டேன்.
அந்தத் தனிமையை ஏன் வீட்டில் சொல்லவில்லை? வீட்டில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

கடைசி இரண்டு பதில்களில் கஞ்சாவே இல்லை, கவனித்தீர்களா?

எல்லாருக்கும் இதே காரணம் இல்லை. சிலருக்கு வெறும் ஆர்வம். சிலர் தூக்கம் வராமல், மனப் பதற்றம் தாங்காமல் தொடுகிறார்கள். சிலர் வீட்டுச் சண்டையை மறக்கத் தொடுகிறார்கள். "தாய்லாந்தில் சட்டமே அனுமதிக்குதே" என்பவர்களும் உண்டு. தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது உண்மை. 2025-இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

"ஒண்ணும் ஆகலையே!"

வீட்டில் எனக்குக் கிடைத்த போதைப்பொருள் பாடம் ஒரே வரி: "ஒரு தடவை தொட்டா பைத்தியம் பிடிச்சிடும். தொட்டே, காலை ஒடிச்சிடுவேன்."

அன்று இழுத்தேன். இருமினேன். தலை கொஞ்சம் சுற்றியது. பைத்தியம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை அம்மா சுட்ட தோசையை வழக்கம் போலச் சாப்பிட்டேன். பெரியவர்கள் சொன்னது ஒன்று பொய்யானதும், அவர்கள் சொன்ன மற்றதெல்லாம் பொய் என்று என் மனம் முடிவு கட்டியது. அதுதான் எனக்கு நேர்ந்த பெரிய ஆபத்து. அதற்குப் பிறகு என்னை யாரும் எச்சரித்திருக்க முடியாது.

அதனால் உள்ளதை உள்ளபடி சொல்வோம். கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். அது நினைவாற்றலையும் கவனத்தையும் குழப்பும். திட்டமிடுகிற, "போதும், நிறுத்து" என்று சொல்கிற மூளையின் முன்பகுதி ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. வயரிங் வேலை முடியாத வீட்டில் மின்சாரத்தோடு விளையாடுவது போலத்தான் இது. சின்ன வயதில் தொடங்கி அடிக்கடி புகைப்பவர்கள் அடிமையாகும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும். இது முதல் இழுப்பிலேயே எல்லாருக்கும் நடப்பதில்லை. யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது.

சட்டம் அப்படிக் காத்திருக்காது. மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, உட்கொண்டாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. 20 கிராமுக்குக் குறைவாகக் கையில் இருந்தால் 20,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் சிறையோடு பிரம்படியும் உண்டு. 200 கிராம் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2023-இல் நீக்கியது கட்டாய மரண தண்டனையைத்தான். நீதிபதி நினைத்தால் இன்றும் மரண தண்டனை விதிக்கலாம். "மச்சான், இந்தப் பையைக் கொஞ்சம் வச்சிரு" என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

"சிவனே அடிக்கிறாரே?"

இந்து இளைஞர்கள் நமக்கென்றே உள்ள சாக்கு இது. டீ-சட்டையிலும் மோட்டார் சைக்கிள் ஸ்டிக்கரிலும் சிவபெருமான் புகை விடுகிறார். வட இந்தியாவில் சில இடங்களில் மகா சிவராத்திரிக்குப் பாங் குடிக்கும் வழக்கம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் நம் பாட்டி சொன்ன கதையில் சிவன் குடித்தது ஆலகால விஷம். மற்றவர்கள் பிழைக்க வேண்டும் என்று குடித்தார், அதனால் நீலகண்டன் ஆனார். நண்பர்கள் சிரிப்பார்களே என்று அவர் குடிக்கவில்லை. திடலுக்குப் பின்னால் நின்ற எனக்கும் நீலகண்டனுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டில் எப்படிப் பேசுவது?

இந்தப் பகுதியை அம்மா அப்பாவிடம் காட்டுங்கள்.

1. மாட்டிக்கொண்ட பிறகு பேசாதீர்கள், முன்பே பேசுங்கள். காரில் போகும்போது, சாப்பிடும்போது, சாதாரணமாக. ஒரே நாளில் பெரிய பிரசங்கம் வேண்டாம்.

2. கேள்வி கேட்கிற பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள். "ஏன் கேக்குற? நீ அடிச்சியா?" என்ற ஒரு வார்த்தை போதும், கதவு மூடிவிடும். "உன் பள்ளியில் இதெல்லாம் இருக்கா? நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் காது கொடுங்கள்.

3. மிகைப்படுத்தாதீர்கள். தெரியாததைத் "தெரியல, சேர்ந்து தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

4. பிள்ளை போதையில் வந்தால் அப்போது வாதாடாதீர்கள். திருக்குறளின் 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. போதையில் இருப்பவனுக்கு நியாயம் சொல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போல என்கிறார் வள்ளுவர். அன்றிரவு அவன் பத்திரமாக இருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். பேச்சு மறுநாள்.

5. தப்பிக்க ஒரு வழி கொடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு ரகசிய வார்த்தை உண்டு. தம்பி "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று வாட்ஸ்அப் அனுப்பினால் உடனே போய் அழைத்து வர வேண்டும். அன்று ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது.

6. பழக்கமாகிவிட்டதா? மறைத்து வைக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள், அல்லது ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தை அணுகுங்கள். தானாக முன்வந்து சிகிச்சை கேட்க வழி இருக்கிறது. வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம்.

தம்பிக்குச் சொன்ன பதில்

"ஒரு தடவை அடிச்சிருக்கேன்டா" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "எப்படி இருந்துச்சு?" "இருமல் வந்துச்சு. அதைவிட, அம்மா முகத்தைப் பார்க்கவே ஒரு வாரம் கஷ்டமா இருந்துச்சு." பிறகு நான் கேட்டேன்: "நீ?" "இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்கானுங்க."

நான் பொய் சொல்லியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்று அவன் என்னோடு பூப்பந்து விளையாட வந்தான். இனி வரும் வெள்ளிக்கிழமைகளுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. அவன் கேட்கும்போது நான் உண்மை சொல்வேன் என்று மட்டும் அவனுக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார். "காலை ஒடிச்சிருப்பீங்களேப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் தம்பிகிட்ட நான் பேசுறேன், சத்தம் போடாம" என்றார்.

கலந்துரையாட:

1. உங்கள் வீட்டில் கேட்க முடியாத கேள்வி எது? ஏன்?
2. நண்பன் நீட்டும்போது, நட்பும் கெடாமல் மறுக்க என்ன சொல்வீர்கள்? இருவராக நின்று பேசிப் பழகுங்கள்.
3. உங்கள் வாழ்க்கையில் ஏதாவது ஒரு தவறை எடுத்து, ஐந்து முறை "ஏன்" கேட்டுப் பாருங்கள்.