சுவருக்குள் கேட்கும் தட்டல்

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தெல்தெனிய பழைய பட்டினமும் அதைச் சூழ்ந்த வயல்களும் 1980களில் நீருக்குள் போயின. நிலம் இழந்து குண்டசாலை, திகன, பல்லேகல பக்கங்களில் குடியேறிய குடும்பங்கள் அதுவரை ஆற்றிலும் ஓடையிலும் துணி துவைத்தவை. இன்று அந்த வீடுகள் சிலவற்றில் சலவை மெசின் இருக்கிறது. அதோடு ஒரு புதிய பயமும் வந்திருக்கிறது. மெசின் ஓடும்போது சுவருக்குள் 'டங்' என்று யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம்!

இந்தப் பயத்தை நாம் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திகனவைச் சுற்றிச் சிறு நில அதிர்வுகள் பல உணரப்பட்டன. சுவரில் வெடிப்பு விழுந்த வீட்டுக்காரருக்கு எந்தச் சத்தமும் நிலத்தின் சத்தமாகவே கேட்கும். ஆகவே முதலில் இரண்டையும் பிரித்தறிவோம். நில அதிர்வு நேரம் பார்த்து வராது. அடுத்த வீட்டாரும் அதை உணர்வர். பைப்பின் சத்தமோ மெசின் தண்ணீர் எடுத்து நிறுத்தும் அந்தக் கணத்தில்தான் வரும். மெசினுக்குப் போகும் குழாயை மூடிவிட்டால் சத்தமும் நின்றுவிடும்.

காரணம் என்ன? இருபது மீற்றர் நீளமான அரை அங்குல பைப்பில் ஏறக்குறைய மூன்றரை கிலோ தண்ணீர் இருக்கிறது. மெசின் நீர் எடுக்கும்போது இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும். கையால் குழாயை மூடினால் ஓட்டம் மெல்ல அடங்கும். மெசினுக்குள் இருக்கும் மின்சார வால்வோ கண் இமைக்கும் நேரத்துக்குள் மூடிவிடுகிறது. ஓடி வந்த நீர் மூடிய கதவில் மோதுகிறது. அந்த மோதலின் அழுத்தம் பைப் வழியே முன்னும் பின்னும் பாய்கிறது. இதற்கு 'நீர்ச் சம்மட்டி' என்று பெயர். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால், இரும்புப் பைப்பில் சுமார் 130 மீற்றர் உயர நீரின் அழுத்தம் மேலதிகமாக எழும், பி.வி.சி. பைப்பில் சுமார் 40 மீற்றர். வேகம் இரு மடங்கானால் அடியும் இரு மடங்காகும். ஜுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890களின் இறுதியில் மொஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் பரிசோதித்து இக்கணக்கை நிறுவினார்.

நம் நிலத்தை மூழ்கடித்த அணைக்கும் இதே தொல்லை உண்டு என்பது வேடிக்கை. மின்நிலையத்துக்கு நீர் கொண்டுபோகும் சுரங்கத்தில், நீர் திடீரென நின்றால் மேலெழும்பி அடங்குவதற்கென்றே ஒரு பெரிய கிணறு போன்ற அமைப்பு வைத்திருக்கிறார்கள். இந்த அடியைப் பகையாக்காமல் வேலை வாங்கியவர் பிரான்சின் மொங்கோல்பியர். அவர் 1796இல் செய்த நீர்த்தூக்கிப் பம்பி எண்ணெயோ மின்சாரமோ இன்றி ஓடை நீரை மேட்டுக்கு ஏற்றியது. மேட்டுத் தோட்டம் வைத்திருப்போருக்கு அது இன்றும் உதவும். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதல்ல. மெசினின் குழாயைப் பாதி மூடிப் பாருங்கள். நீரின் வேகம் குறையும், அடியும் குறையும். மெசின் நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவே. அடுத்து, சத்தம் வரும் நேரம் பைப்பின் மேல் கையை வையுங்கள். பைப் துள்ளினால் கிளிப் கழன்றிருக்கிறது. மூன்று நான்கு அடிக்கு ஒரு கிளிப் அடித்து, பைப்புக்கும் சுவருக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கொடுங்கள். பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு மெயின் பைப்பின் அழுத்தமே அதிகம். அங்கே கூரைத் தாங்கியிலிருந்து மெசினுக்கு லைன் கொடுப்பது நல்லது. ஆனால் தாங்கி மிகத் தாழ்வாக இருந்தால் மெசின் நீர் போதாமல் நின்றுவிடும். வாங்கும்போது தந்த கையேட்டைப் பாருங்கள்.

சில பிளம்பர் பாஸ்மார் மெசினுக்கு அருகே ஒரு 'டீ' பூட்டி, ஓரடி பைப்பை மேல்நோக்கி நிறுத்தி மூடி போட்டுவிடுவர். உள்ளே அடைபட்ட காற்று மெத்தை போல் அடியைத் தாங்கும். நல்ல வேலைதான். ஆனால் அந்தக் காற்று நாளடைவில் நீரில் கரைந்துவிடுவதால் சத்தம் திரும்பி வரும். அப்போது மெயினை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து லைனை வடிய விட்டால் காற்று மீண்டும் நிரம்பும்.

நெடுநாள் அடி வாங்கிய பைப்பில் முதலில் விட்டுக்கொடுப்பது சுவருக்குள் இருக்கும் மூட்டுத்தான். ஆகவே இன்றிரவே எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். முள் அசைந்தால் எங்கோ கசிகிறது. மாதப் பட்டியல் ஏறுவதற்கு முன்பே பாஸைக் கூப்பிடுங்கள்.