சில்லும் ஆற்றலும்

நுழையும்முன்

கைப்பேசியை நெடுநேரம் பயன்படுத்தும்போது அது சூடாவதை உணர்கிறோம். சில்லு செலவிடும் மின்னாற்றலே அவ்வாறு வெப்பமாக வெளிப்படுகிறது. அச்செலவைக் குறைப்பது இன்றைய சில்லு வடிவமைப்பாளர் முன்னுள்ள பெரும் அறைகூவலாகும்.

சிறுத்ததால் பெருகிய திறன்

1971ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் 4004 நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று ஒரே சில்லில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்டவை அமைகின்றன. இவ்வெண்ணிக்கை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இருமடங்காகும் என 1975இல் கார்டன் மூர் கணித்தார். டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் மின்னோட்டமும் குறையும். ஆதலால், ஒரே பரப்பில் மிகுதியாக அமைத்தாலும் வெப்பம் மிகாது என்பதை ராபர்ட் டென்னார்டு குழுவினர் 1974இல் விளக்கியிருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்விரண்டும் இணைந்தே நடைபோட்டன.

கசியும் மின்னோட்டம்

டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சு போன்றது. மின்னழுத்தத்தை மேன்மேலும் குறைத்தபோது அதனை முழுமையாக மூட இயலவில்லை. இறுக மூடாத குழாயில் நீர் சொட்டுவதுபோல, பணியற்ற நேரத்திலும் மின்னோட்டம் கசிந்தது. 2005ஆம் ஆண்டையொட்டி மின்னழுத்தக் குறைப்பு பெரிதும் தடைப்பட்டது. செயலிகளின் வேகமும் முன்போல் உயரவில்லை. ஒரே சில்லில் பல செயலகங்களை அமைக்கும் முறை பரவியது. ஆயினும், எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயக்கினால் வெப்பம் தாங்காது. ஆகவே, சில பகுதிகளை அணைத்தே வைக்க நேர்ந்தது.

புதிய வழிகள்

கசிவைத் தடுக்க டிரான்சிஸ்டரின் வடிவம் மாறியது. மின்னோட்டப் பாதையை மீன் துடுப்புப்போல் எழுப்பி, மூன்று பக்கங்களிலும் கட்டுப்படுத்தும் அமைப்பு 2012இல் சந்தைக்கு வந்தது. நாற்புறமும் சூழ்ந்து கட்டுப்படுத்தும் அமைப்பின் உற்பத்தி 2022இல் தொடங்கியது.

எனினும், மற்றொரு செலவு எஞ்சுகிறது. இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு ஆகும் ஆற்றலைவிட, அவற்றைத் தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்து கொண்டுவரப் பல நூறு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக்கான கணக்கீடுகளில் இத்தகைய பரிமாற்றம் இடைவிடாது நிகழ்கிறது. எனவே, நினைவகத்தைச் செயலியின் அருகிலேயே அமைத்தல், ஒவ்வொரு பணிக்கும் ஏற்ற தனிச் சில்லை வடிவமைத்தல் ஆகிய முயற்சிகள் வளர்ந்து வருகின்றன.

எண்ணிக்கையைப் பெருக்கிய தலைமுறை அரும்பணி ஆற்றியது. ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் ஆகும் ஆற்றலை அளந்து செலவிடும் பணி, அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறது.